துறையும் தோணியும்

மட்டக்களப்பு வாவிக்கரையாருக்குத் துறை என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. அம்பிளாந்துறை என ஊர்ப்பெயரிலும் அது நிற்கின்றது. மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் அமையும்வரை மக்கள் பாதையேறியே கரைமாறினர். கணினியிலே கம்பி வந்து பொருந்தும் வாயிலுக்கும் துறை என்றே பெயரிட்டுள்ளனர். பொருத்தமான பெயரென்பது எமது கருத்து.

வகுப்பறைச் சுவரில் தொங்கும் வைபைப் பெட்டியை அணுகுமுனை என்பர். கைப்பேசிகள் வானலையில் அனுப்புவனவற்றை ஏற்று, கம்பிவழியே சுவிச்சின் துறையிற் சேர்ப்பது அதன் தொழில். தோணிக்காரனின் வேலையும் இதுவே. ஏறுவோரிடம் கடவுச்சொல் கேட்கின்றோம். தோணியை யார் கேட்டது? பெட்டியின் கம்பியைக் கழற்றித் தன் மடிக்கணினியிற் செருகுபவன், வினவுவாரின்றிப் பரீட்சைப் புள்ளிகள் உள்ள கணினிவரை எட்டிவிடக்கூடும்.

இதற்கு மருந்து, ஐ.ஈ.ஈ.ஈ. நிறுவனம் 2001இல் வெளியிட்ட 802.1எக்ஸ் என்னும் நியமம். துறை முதலிற் பூட்டியே இருக்கும். அடையாளப் பேச்சையன்றி வேறெதனையும் விடாது. அணுகுமுனை காட்டும் சான்றைச் சுவிச்சு தானே ஆராயாது, ரேடியஸ் சேவையகத்துக்கு அனுப்பும். அங்கிருந்து இசைவு வந்த பின்னரே துறை திறக்கும்; கம்பியைக் கழற்றினால் மீண்டும் பூட்டிக்கொள்ளும். நம் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் எடுரோம் சேவையைப் பயன்படுத்திய பழைய மாணவர் இந்நியமத்தோடு பழகியவரே. ஆயின் அங்கே அடையாளம் காட்டுபவர் பயணி. இங்கே காட்டவேண்டியது தோணி.

செய்கையில் ஒரு சிக்கலுண்டு. புதுப்பெட்டி தன் அமைவுகளைப் பெறத் துறை திறக்கவேண்டும். துறை திறக்க அமைவுகள் வேண்டும்! ஆதலின் சுவரில் ஏற்றுமுன், பூட்டிய அறையில் தனித்த துறையொன்றிற் பொருத்தி, பெயரும் இரகசியச்சொல்லும், அல்லது சான்றிதழும், பதித்துவிடுக. மேலும், பல அமைப்புகளில் பெட்டியின் பின்னுள்ள கைப்பேசிகளின் முகவரிகளும் துறையிலே தோன்றும். ஒரு முகவரிக்கே இடமென்று விதித்திருப்பின் முதல் மாணவன் சேர்ந்ததுமே தடை நேரும். பெட்டி சான்று காட்டினால் பின்வருவோர்க்கும் வழிவிடும் முறையையே தேர்க. அதிலும் ஓர் ஓட்டையுண்டு: இடையிலே சிறு கருவியொன்றைச் செருகுவோன் தோணியிற் தொற்றி வந்துவிடலாம். கம்பியைக் கைக்கெட்டாது மறைத்தல் நன்று.

பெட்டியின் முகவரியை மட்டும் பார்த்துத் திறக்கும் குறுக்குவழியை நாம் விரும்புவதில்லை. அம்முகவரி பெட்டியின் ஒட்டுத்தாளிலேயே அச்சிட்டிருக்கும். போலி செய்வதும் எளிது.

சான்றிதழ் காலாவதியாகும் நாளைப் பதிவேட்டில் எழுதிவைக்க. அந்நாள் கடந்தபின் ஒருமுறை மின்தடைப்பட்டு மீண்டால், எல்லாப் பெட்டிகளும் ஒருங்கே துறைக்கு வெளியே நிற்கும்.