சுவரில் ஒரு சாக்குக்கோடு

நான் அறிவியல் ஆசிரியை. சிறுவயதில் சில ஆண்டுகள் பரதம் கற்றவள் என்பதால், கலைத் திருவிழா வந்தால் நடனப் பயிற்சி என் பொறுப்பாகிவிடும்.

அரைமண்டியில் இருந்து தட்டடவு செய்யச் சொன்னால் முதல் காலத்தில் பிள்ளைகள் சரியாகவே செய்வார்கள். இரண்டாம் காலத்தில் முழங்கால் மெல்ல நிமிரும். மூன்றாம் காலத்தில் ஏறக்குறைய நின்றுகொண்டே தட்டுவார்கள். “உட்காரு, உட்காரு” என்று கத்துவேன். “உட்கார்ந்துதானே மிஸ் இருக்கேன்” என்பார்கள். அது பொய்யல்ல. கவனம் தாளத்துக்குப் போய்விட்டால் கால் நிமிர்வது அவர்களுக்குத் தெரிவதில்லை. எங்கள் பள்ளியில் ஆளுயரக் கண்ணாடி இல்லை. இருந்தாலும், ஆடும்போது கண்ணாடியைப் பார்த்தால் தாளம் தவறுகிறது.

எனவே என் கைபேசியில் பதிவு செய்தேன். முதல்முறை பெரிய தவறு செய்தேன். எல்லோருடைய காணொலியையும் திறன்மிகு வகுப்பறைத் திரையில் போட்டு, பிழை வரும் இடங்களில் நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சற்றுப் பருமனான ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மறுநாள் பயிற்சிக்கு வரவில்லை. கேட்டால், “கால் வலிக்குது மிஸ்” என்றாள். கால் வலி இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “இனி உன் பதிவை நீ மட்டும் பார். நான் எதுவும் சொல்லமாட்டேன்” என்றேன். மூன்று நாள் கழித்து வந்தாள்.

இப்போது செய்யும் முறை இதுதான். மாணவி சுவரிலிருந்து ஓரிரு அடி தள்ளி அரைமண்டியில் இருக்கும்போது, அவள் தலை உயரத்துக்குச் சுவரில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. ஒவ்வொருவருக்கும் தனிக்கோடு. கைபேசியை மேசைமேல் புத்தகங்களை அடுக்கி அந்தக் கோட்டின் உயரத்திலேயே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் பாடத்தில் நடத்தும் இடமாறு தோற்றப் பிழை இங்கேயும் வந்துவிடும். பாதம்வரை படத்தில் தெரிய வேண்டும். பத்து, பதினைந்து விநாடி போதும். உடனே வேகத்தைக் குறைத்துப் பார்க்கிறாள், உடனே மறுபடி ஆடுகிறாள். கேள்வி ஒன்றே ஒன்று: தலை கோட்டைத் தாண்டியதா? முதுகு முன்னால் சாய்கிறதா என்பதை வேறொரு நாள் பக்கவாட்டில் எடுத்துப் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கச் சொன்னால் பிள்ளை தன் உடம்பைத்தான் பார்க்கும், அடவைப் பார்க்காது.

அபிநயத்தை நான் படம் எடுப்பதில்லை. முகத்தைப் பார்த்துவிட்டால் அடுத்த முறை கூச்சம் வந்து அமர்ந்துகொள்கிறது. முழங்கால் வலியும் காணொலியில் தெரியாது. அதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதி பெற்றே பதிவு செய்கிறேன். பயிற்சி முடிந்ததும் மாணவி கண்ணெதிரிலேயே அழித்துவிடுவேன். வாட்ஸ்அப் குழுவில் போடுவதே இல்லை.

அந்த மாணவி இரண்டாவது நாளே கைபேசியை என்னிடம் நீட்டி, “அஞ்சாவது தட்டுல ஏறிடுறேன் மிஸ்” என்றாள். ஐந்தாவது என்பதை நான்கூடக் கவனித்ததில்லை. இரண்டாம் காலம் இப்போது கோட்டுக்குள் நிற்கிறது. மூன்றாம் காலத்தில் இன்னும் ஏறுகிறாள். ஏறியதும் அவளே நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குகிறாள்.