வெளிநாட்டு வாழைக்கன்றை இறக்கலாமா?

கேள்வி: மூன்று ஏக்கரில் ஜி9 வாழை போட இருக்கிறேன். நோயே வராத திசு வளர்ப்புக் கன்றுகளை இஸ்ரேலிலிருந்து நேரடியாக இறக்கித் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். விலை கூடுதல்தான். வாங்கலாமா?
– ஒரு விவசாயி, சின்னமனூர்

பதில்: வேண்டாம். ஜி9 வெளியிலிருந்து வந்த ரகம்தான். ஆனால் இன்று நம் நாட்டு ஆய்வுக்கூடங்களே அதைக் கோடிக்கணக்கில் உற்பத்தி செய்கின்றன.

வாழைக்கன்று இறக்க, 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைக்காப்பு ஆணைப்படி முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வேண்டும். அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும்; இங்கு வந்ததும் பரிசோதனை உண்டு. தரகரிடம் இந்தத் தாள்களைக் கேளுங்கள். காட்டவில்லை என்றால் அது இஸ்ரேல் கன்றே இல்லை, அல்லது திருட்டுத்தனமாக வந்த கன்று. இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. முடிக்கொத்து நோய் 1940 வாக்கில் இலங்கை வழியாகக் கேரளத்துக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. பின்னாளில் சிறுமலை, கீழ்ப்பழனி மலைகளின் விருப்பாட்சி வாழையை அழித்தது அதுதான்.

திசு வளர்ப்பு என்றாலே நோய் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். குப்பியில் வளர்வதால் நூற்புழுவும் கிழங்குக் கூன்வண்டும் வாடல் பூஞ்சாணமும் ஒட்டி வராது. வைரஸ் அப்படியல்ல, அது திசுவுக்குள்ளேயே இருக்கும். தாய்மரத்தில் இருந்தால், அதிலிருந்து பெருக்கிய ஆயிரக்கணக்கான கன்றுகளுக்கும் போய்ச் சேரும். எனவே கன்று எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைவிட, தாய்மரத்துக்கு வைரஸ் பரிசோதனை நடந்ததா என்பதே முக்கியம்.

இதற்காகவே மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-இல் தேசியச் சான்றளிப்பு முறையைக் கொண்டுவந்தது. முடிக்கொத்து, வெள்ளரித் தேமல், வாழைக் கீற்று, பூவடிச் செதில் தேமல் ஆகிய நான்கு வைரஸ்களுக்கும் பரிசோதனை உண்டு. ரகம் மாறாமல் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இந்தப் பரிசோதனையைச் செய்கிறது. சான்று அட்டையுள்ள கன்றையே வாங்குங்கள்.

கன்று வந்து இறங்கும்போது நிழல்வலையில் கடினப்படுத்தப்பட்டு, சுமார் ஒரு அடி உயரமும் ஐந்தாறு இலைகளும் உள்ளதாக இருக்கவேண்டும். வேர் வெள்ளையாக இருக்கட்டும். இலை கோணலாகவோ, குட்டையாகவோ, வெளிறிய கீற்றுகளுடனோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நோயற்ற கன்றென்றால் நோய் தாக்காத கன்றென்று பொருளல்ல. பக்கத்துத் தோட்டத்தில் முடிக்கொத்து இருந்தால் அசுவினி உங்கள் வயலுக்கும் கொண்டுவரும். தாக்கிய மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழியுங்கள். ஊடுபயிராக வெள்ளரி, பூசணி போடாதீர்கள். இளங்கன்றுக்குத் தேமல் வர அதுவே வழி. வாடல் பூஞ்சாணம் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். முன்பு வாழை வாடிய நிலமானால், அங்கே இஸ்ரேல் கன்றும் வாடக்கூடும். வேறு வயலைப் பாருங்கள். பீகாரில் ஜி9 தோட்டங்களைத் தாக்கிய டிஆர்4 வாடலும் மண்ணோடும் கிழங்கோடும் பரவுவதுதான். வெளிமாநிலப் பக்கக்கன்று எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

கூடுதல் விலையை இறக்குமதிக்குக் கொடுப்பதைவிட மண் பரிசோதனைக்கும் சொட்டுநீருக்கும் செலவிடுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் சான்றின் நகலை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.