ஆர்டரை ஒருமுறை படியுங்கள்
டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த என் மகனுக்கு ஒரகடம் கார் தொழிற்சாலையில் வேலை வந்திருக்கிறது. பெரிய கம்பெனி வேலை எப்படி இருக்கும்?
— வாசகி, செய்யாறு

தாராளமாக அனுப்புங்கள் அம்மா. கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு, தேதி தவறாத சம்பளம் என்று அங்கிருப்பவர்கள் நிறைவாகவே சொல்வார்கள். பி.எஃப்.புக்கு மகனிடம் 12 சதவீதம் பிடித்தால் நிர்வாகமும் அதே அளவு போடும். ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம்.

அலுத்துக்கொள்வது ஷிப்டைத்தான். இரவு முழுக்க லைனில் நின்றுவிட்டு வந்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்தால், தெருவில் காய்கறிக்காரர் கூவுவார். இரண்டு மாதத்தில் பழகிவிடும்.

பழகாதது, பக்கத்தில் நின்று அதே போல்ட்டை முறுக்கும் நிரந்தரத் தொழிலாளியைவிடக் குறைவாகச் சம்பளம் வாங்குவது. எனவே ஆர்டரில் நிரந்தரமா, ஒப்பந்தமா, பயிற்சியாளரா என்று பாருங்கள். பயிற்சி என்றால், முடிந்தபின் வேலை உண்டா என்று கையெழுத்துக்கு முன்பே எச்.ஆரிடம் கேட்கச் சொல்லுங்கள்.