வருகிற பாதை யார் கையில்?

எங்கள் ஊர் பெருமாள்மலை. வத்தலக்குண்டு ரோடும் பழனி ரோடும் இங்கேதான் சேருகின்றன. அதற்கு மேல் கொடைக்கானலுக்கு ஒரே ரோடு. அப்பா இங்கே பிளம்ஸ், பேரிக்காய் லோடு ஏற்றுகிறார். "இறங்குற லாரியை எந்தப் பக்கம் விடணும்னு நாம சொல்லலாம்டா. ஏறி வர்ற வண்டி எந்தப் பக்கம் வரும்னு அவனுக்குத்தான் தெரியும்" என்பார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் நெட்வொர்க் பாடத்தில் எனக்குப் பிடிபடாமல் இருந்தது இந்தப் பேச்சில்தான் விளங்கியது.

ஒரு நிறுவனம் இரண்டு கம்பெனிகளிடம் இன்டர்நெட் லைன் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே போகும் பேக்கெட்டுக்கு அதன் ரவுட்டரே வழி சொல்லும். உள்ளே வரும் பேக்கெட்டின் வழியைத் தீர்மானிப்பது எங்கோ இருக்கும் ரவுட்டர்கள். அதனால் ஒரு லைன் திணறும், இன்னொன்று சும்மா கிடக்கும். பணமோ இரண்டுக்கும் கட்ட வேண்டும்!

நாம் செய்யக்கூடியது கைகாட்டி நடுவதுதான். அந்தக் கைகாட்டியின் மொழி பி.ஜி.பி. 1989-ல் இரண்டு பொறியாளர்கள் சாப்பிட்ட இடத்தில், கை துடைக்கும் காகிதத்தில் வரைந்த திட்டம் அது. இதற்குச் சொந்த ஐ.பி. முகவரிகளும் ஏ.எஸ். எண்ணும் வேண்டும். நெரிசலான லைனில் அறிவிக்கும்போது நம் எண்ணையே இரண்டு மூன்று முறை சேர்த்து எழுதினால் பாதை நீளமாகத் தெரியும். பலர் மறுபக்கம் வருவார்கள். எல்லோரும் வரமாட்டார்கள். தன் வாடிக்கையாளர் வழியாகவே அனுப்ப நினைக்கும் கம்பெனி நீளத்தைப் பார்ப்பதேயில்லை.

இதைவிட வலுவானது, முகவரித் தொகுதியைச் சிறு துண்டாக்கி ஒரு லைனில் மட்டும் அறிவிப்பது. சிறிய துண்டைத்தான் ரவுட்டர் முதலில் நம்பும். 2008 பிப்ரவரி 24 அன்று நடந்தது இதற்குச் சாட்சி. யூடியூப் 1024 முகவரிகளை ஒரே தொகுதியாக அறிவித்திருந்தது. அதில் 256-ஐ பாகிஸ்தான் டெலிகாம் தன்னுடையதாக அறிவிக்க, சுமார் இரண்டு மணி நேரம் உலகப் போக்குவரத்தே அங்கே திரும்பியது. 256-க்கும் கீழான துண்டைப் பெரும்பாலோர் ஏற்பதில்லை.

நான் லீவில் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டருக்கு இவ்வளவு வேண்டியதில்லை. லைன் கொடுத்தவர் தந்த முகவரியில்தான் வெளியே போகிறோம், பதிலும் அதே லைனில் திரும்புகிறது. ஆகவே கம்ப்யூட்டர்களை இரு லைன்களுக்கும் பிரித்துவிட்டாலே இறக்கமும் பிரிந்துவிடும். பிரித்தேன், வேகம் கூடியது. பெருமையாகத்தான் இருந்தது.

உதவித்தொகைக்குப் பதிவு செய்யக் கடைசி நாள். மரம் விழுந்தது. இரண்டு லைனும் போச்சு. போனில் டவரும் இல்லை. இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வந்ததை நான் ஒரு நாளும் அண்ணாந்து பார்க்கவில்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் பழனி போகும் லாரியில் என்னை ஏற்றிவிட்டார். டிரைவர் அண்ணன் போனில் சிக்னல் வந்ததும் அதிலேயே பதிந்தேன். மணி இரவு பத்தரை.

இப்போது சென்டரில் இரண்டாவது லைன் வேறு கம்பத்தில், வேறு தெரு வழியாக வருகிறது. போன வாரம் முதல் லைனின் வயரைப் பிடுங்கிச் சோதித்தேன். அரை நிமிடத்தில் மற்றது ஏற்றுக்கொண்டது. பாதியில் இருந்த டவுன்லோடுகள் மட்டும் அறுந்தன, முகவரி மாறிவிட்டதே!