பிட் மாற்றிய பின் வெட்டு இடம் தவறுவதேன்?

பலகையில் பூவேலை, பெயரெழுத்து முதலியவற்றைக் கணினியின் துணையோடு செதுக்கும் சிறிய சி.என்.சி. ரவுட்டர் இயந்திரங்கள் இன்று வீட்டுப் பட்டறைகளிலும் உள்ளன. 3018 என அழைக்கப்படும் வகை அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீளமும் 18 சென்ரிமீற்றர் அகலமுமான பரப்பில் அது வேலை செய்யும். காணியை விட்டு வந்து தச்சுவேலையில் கைவைத்துள்ள குடும்பங்களில் இதனைப் பழக விரும்புவோருக்காக இப்பாடத்தை எழுதுகிறோம்.

நாம் முதன்முதலாக ஒரு பெயர்ப்பலகை செய்தபோது, தடித்த பிட் செய்த வேலை நன்றாக அமைந்தது. எழுத்துக்காக மெல்லிய பிட்டை மாட்டி ஓடவிட்டோம். அது 3 மில்லிமீற்றர் அதிகமாக இறங்கிவிட்டது. இரண்டு நாள் சீவி மினுக்கிய பலகை விறகாயிற்று. பிழை இயந்திரத்தினுடையதன்று, எம்முடையதே.

இயந்திரம் இடத்தை அறிவது எப்படி?

கண்ணைக் கட்டிக்கொண்டு வரம்பில் அடியெண்ணி நடக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். இடையில் யாராவது அவரைத் தள்ளிவிட்டால், அவருடைய கணக்கு மாறாது. நிற்கும் இடம் மாறிவிடும். இவ்வியந்திரமும் அவ்வாறானதே. அதன் ஸ்ரெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளாகச் சுற்றுகிறது. எத்தனை படி அனுப்பினோம் என்பதையே கட்டுப்பாட்டுப் பெட்டி எண்ணுகிறது. மோட்டார் உண்மையில் எங்கே நிற்கிறது என்பதை அது பார்ப்பதில்லை.

ஆகவே பிழை நேர்ந்தால் எதையும் கழற்றுவதற்கு முன், வெட்டு எந்தத் திசையில் தவறியுள்ளது என்று பாருங்கள்.

அ. ஆழம் மட்டும் தவறினால்

1. புதிய பிட் பழையதைவிட எவ்வளவு நீண்டிருக்கிறதோ, அவ்வளவு ஆழமாக வெட்டும். எனவே ஒவ்வொரு முறை பிட் மாற்றிய பின்னும் இசட் அச்சின் பூச்சியத்தைப் புதிதாக வைத்தல் வேண்டும். எமது பெயர்ப்பலகையில் நாம் மறந்தது இதுவே.

2. முதல் பிட்டைத் தொடவைத்த அதே இடத்திலேயே அடுத்த பிட்டையும் தொடவையுங்கள். முதல் பிட் செதுக்கிய பள்ளத்தில் வைத்தால் பள்ளத்தின் ஆழமும் பிழையோடு சேரும். பலகையின் செதுக்காத மூலையொன்றை இதற்கென ஒதுக்குவது நல்லது.

3. ஒரு பிட்டுக்குக் கடதாசியும் மற்றதற்குத் தொடுதகடும் பயன்படுத்த வேண்டாம். தகட்டின் தடிப்பை வேர்ணியரால் அளந்து பதியுங்கள். உண்மைத் தடிப்பைவிட 1 மில்லிமீற்றர் குறைத்துப் பதிந்தால் வெட்டும் 1 மில்லிமீற்றர் குறையும்.

ஆ. பக்கவாட்டில் விலகினால்

1. பிட்டைப் பிடிக்கும் மரையை இரு சாவிகளால் கழற்றும்போது கைப்பலம் இயந்திரத்தைத் தள்ளிவிடுகிறது. ஒரு சாவியால் தண்டை அசையாமல் பிடித்து, மற்றதை அதற்கு எதிராகத் திருப்புங்கள். இயந்திரச் சட்டத்தில் கையூன்ற வேண்டாம்.

2. இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில் ஜி.ஆர்.பி.எல். என்னும் கட்டுப்பாட்டு நிரல் உள்ளது. அதன் வழமையான அமைப்பில், ஓட்டம் நின்று 25 மில்லிசெக்கனில் மோட்டாரின் பிடி விடப்படுகிறது. பிடியில்லாத மோட்டாரைத் தள்ளுவது எளிது. $1=255 எனப் பதிந்தால் பிடி விடாது. மோட்டார் சற்றுச் சூடாகும், அது வழமையே.

3. பிட் மாற்ற வசதியான இடத்துக்கு இயந்திரத்தைக் கையால் தள்ளாமல், கணினியின் நகர்த்தும் பொத்தான்களால் கொண்டுசெல்லுங்கள். அப்போது கணக்குக் குழம்பாது.

4. எக்ஸ், வை அச்சுகளின் பூச்சியத்தைப் பிட் மாற்றும்போது மீண்டும் வைக்க வேண்டாம். இசட் மட்டுமே மாறியிருக்கிறது.

இ. வெட்ட வெட்ட ஆழம் கூடினால்

பூச்சியத்தில் பிழையில்லை, பிட் பிடியிலிருந்து வழுகுகிறது. கொலெட்டைக் கழற்றித் தூளைத் துடைத்து, பிட்டின் தண்டை நன்றாக உட்செலுத்தி இறுக்குங்கள். 3.175 மில்லிமீற்றர் தண்டுக்கு அதே அளவுள்ள கொலெட் வேண்டும்.

மின்சாரம் தடைப்பட்டால்

மின்சாரம் நின்று வந்த பின் பழைய கணக்கை நம்பக்கூடாது. எல்லை ஆளிகள் உள்ள இயந்திரமாயின், முதலில் அதன் தொடக்க மூலைக்கு அனுப்பி எடுத்தால் சேமித்த பூச்சியம் மீண்டும் பொருந்தும். ஆளிகள் இல்லையெனின் ஒரு வழி உண்டு. வேலை தொடங்கும்போதே, எக்ஸ், வை பூச்சியமாக உள்ள இடத்தில், பலகையின் கழிவு மூலையில், ஒரு சிறு துளை இட்டுவையுங்கள். வளவு அளக்க நட்ட முதற் கட்டையைப் போன்றது அது. சந்தேகம் வந்தபோதெல்லாம் அங்கே திரும்பி வந்து பார்க்கலாம்.

செய்து பாருங்கள்

விலைமதிப்பற்ற பலகைத் துண்டொன்றை எடுங்கள். ஒரு பிட்டினால் 1 மில்லிமீற்றர் ஆழச் சதுரமொன்றை வெட்டுங்கள். இயந்திரத்தை நிறுத்தி, தண்டு சுழல்வது முற்றாக நின்றபின் பிட்டை மாற்றி இசட் பூச்சியத்தை வையுங்கள். அதே சதுரத்தினுள் அதே ஆழத்தில் இன்னொரு சதுரத்தை வெட்டுங்கள். இரண்டின் ஆழமும் ஒன்றா? நான்கு பக்க இடைவெளியும் சமமா? கண்ணாடி அணிய மறவாதீர்கள்.

இரண்டு கேள்விக்கும் ஆம் என்ற பதில் மூன்று தடவை தொடர்ந்து வந்தபின் நல்ல பலகையைத் தொடுங்கள். கழிவுத் துண்டில் செலவிடும் அரை மணித்தியாலம், வாங்கிய பலகையையும் வாடிக்கையாளரின் நம்பிக்கையையும் காக்கும்.