பிள்ளைப்பேற்றுக்குப் புதிய கருவி: யாரிடம் பரீட்சித்தார்கள்?



கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக் நாளில் ஒரு தங்கச்சி நம்மிடம் கேட்டார்: "ஐயா, புதுசு புதுசா சாமான் கண்டுபிடிக்கிறாங்களே, அதை முதல்ல யார் மேல போட்டுப் பார்க்கிறாங்க? நம்மள மாதிரி ஏழைங்க மேலயா?"

நியாயமான கேள்வி. இதற்கு 'ஓடோன்' என்ற கருவியின் கதையைச் சொல்வதே நல்லது என்று நினைக்கிறோம்.

கர்ப்பவாசல் முழுதாகத் திறந்து, தலையும் இறங்கிய பிறகு சில பிரசவங்கள் அப்படியே நின்றுபோகும். தாய்க்கு முக்கப் பலமிருக்காது. அல்லது பிள்ளையின் இதயத் துடிப்பு குறையும். அந்நேரம் டாக்டர் ஆயுதம் போடுவார். போசெப்ஸ், இரும்புக் கரண்டிபோல் தலையை இருபுறமும் பிடிக்கும். வெக்கியூம், கிண்ணம்போல் உச்சியில் ஒட்டி இழுக்கும். இரண்டும் உயிர் காப்பவைதான். ஆனால் நல்ல கைப்பழக்கம் வேண்டும்.

ஓடோனைக் கண்டுபிடித்தவர் டாக்டர் அல்ல! ஆர்ஜென்டீனா நாட்டில் கார் திருத்தும் மெக்கானிக், ஹோர்ஹே ஓடோன். வெறும் போத்தலுக்குள் விழுந்த தக்கையைப் பிளாஸ்டிக் பையை உள்ளே விட்டு, காற்றூதி, பையோடு இழுத்தெடுக்கும் வித்தையை 2006இல் பார்த்தார். பிள்ளையையும் இப்படி எடுக்கலாமே என்று அவருக்குப் பட்டது. கண்ணாடிப் போத்தலைக் கர்ப்பப்பையாகவும், மகளின் பொம்மையைப் பிள்ளையாகவும் வைத்து வீட்டிலேயே முயன்றார். பைக்குத் துணி தைத்துக் கொடுத்தவர் மனைவி. பிள்ளையின் தலையைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் போட்டு, அதில் காற்றடைத்துப் பிடித்து இழுப்பதுதான் கருவியின் வேலை.

பிறகு உலக சுகாதார ஸ்தாபனம் இதில் அக்கறை காட்டியது. முதலில் பெண்களிடம் போகவில்லை. பிரசவப் பயிற்சிக்கான பொம்மை உடலில்தான் இழுத்துப் பார்த்தார்கள். அதன்பின் ஆர்ஜென்டீனாவில் 30 பெண்கள். எல்லோரும் முன்பே பிள்ளை பெற்றவர்கள், சிக்கலில்லாத பிரசவம். ஆபத்தில் கிடந்தவர்களிடம் தொடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உண்மையில் ஆயுதம் தேவைப்பட்ட தாய்மாரிடம் 2018, 2019ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர ஆஸ்பத்திரியில் பரீட்சித்தார்கள். அதாவது பணக்கார நாட்டுப் பெண்களிடம். வலி வந்து துடிக்கும் நேரத்தில் கையெழுத்துக் கேட்கவில்லை. கர்ப்பகாலத்திலேயே விளக்கிச் சம்மதம் வாங்கினார்கள். 40 பேரில் 19 பேருக்குத்தான் கருவியாலேயே பிள்ளை பிறந்தது. பாதிகூட இல்லை! அதை மறைக்காமல் அப்படியே எழுதி வெளியிட்டார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான முறைகளில் பிரசவம் முடிந்தது. கருவியால் தாய்க்கோ பிள்ளைக்கோ பாரதூரமான தீங்கு ஏற்படவில்லை. அதன்பின் நடந்த பரீட்சையில் 104 பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு வெற்றி.

இதெல்லாம் சொன்ன பிறகும் அந்தத் தங்கச்சி விடவில்லை. "நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா?" என்றார்.

சொல்லலாம், தங்கச்சி. காரணமும் சொல்ல வேண்டியதில்லை. சம்மதித்த பிறகுகூட மனம் மாறலாம். அப்போது டாக்டர் வழக்கமான ஆயுதத்தையே எடுப்பார். கவனிப்பில் குறை வைக்கக் கூடாது.