கொரியன் முட்டை சோறு: கிண்ணம் 35 ரூபாய்தான், ஆனா மிச்சம் எங்கே போகுது?



போன வீடியோவுல கொரியன் முட்டை சோறு செஞ்சு காட்டினேன். "கணக்கு வேகமா போயிடுச்சு, எழுத்துல குடுங்க"ன்னு சிலர் கேட்டிருந்தீங்க. "பணத்தைப் பத்திப் பேசுற சேனல்ல எதுக்கு சமையல்?"னும் சிலர் கேட்டிருந்தீங்க. ரெண்டு கேள்விக்கும் சேர்த்து இந்தப் பதிவு. செய்முறையும் இருக்கு, கணக்கும் இருக்கு. கடைசியில ஒரு சின்ன வீட்டுப்பாடமும் இருக்கு.

412 ரூபாய்

எனக்கு முதல் வேலை ஸ்ரீபெரும்புதூர் பக்கம், ஒரு உதிரிபாகக் கம்பெனியில. பிடித்தம் போக கைக்கு வந்தது 18,600 ரூபாய். சொந்த ஊர் தாமல். காஞ்சிபுரம் தாண்டி வேலூர் போற ஹைவேல, பெரிய ஏரியை ஒட்டின ஊர். வாரக் கடைசியில ஊருக்குப் போயிடுவேன். மத்த நாள் மூணு பேர் சேர்ந்து எடுத்த ஒரு ரூம்.

ஒரு மாசம் 23-ஆம் தேதி அம்மா போன் பண்ணாங்க. "அப்பாவுக்குக் கண் ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்கப்பா. ஒரு மூவாயிரம் அனுப்ப முடியுமா?"

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசத்துல அம்மா பணம்னு கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கவுண்ட்ல இருந்தது 412 ரூபாய். "நாளைக்கு அனுப்புறேன்மா"ன்னு சொல்லி போனை வெச்சுட்டு, ரூம்ல இருந்த நண்பன்கிட்ட கடன் வாங்கித்தான் அனுப்பினேன்.

அன்னைக்கு ராத்திரி யூபிஐ ஹிஸ்டரியை மேல இருந்து கீழ வரைக்கும் பார்த்தேன். அந்த மாசம் மட்டும் சாப்பாட்டு ஆர்டர் 11. மொத்தம் 2,640 ரூபாய். அம்மா கேட்ட தொகைக்குக் கிட்டத்தட்ட அதேதான். அதுல பாதி, கொரியன் சீரியல் பார்த்துட்டு ஆசைப்பட்டு வாங்கின சோறு.

காஞ்சிபுரத்துக்குக் கொரியா எப்படி வந்தது?

நம்ம மாவட்டத்துக்குக் கொரியா டிவி வழியா வரல, தொழிற்சாலை வழியா வந்தது. ஹூண்டாய் 1996-ல இந்தியாவுல கம்பெனி தொடங்கி, இருங்காட்டுக்கோட்டையில ஆலை கட்டினாங்க. 1998-ல சான்ட்ரோ கார் வந்தது. 2007-ல ஸ்ரீபெரும்புதூர்ல சாம்சங் ஆலை வந்தது. உதிரிபாகம் செய்யற கொரியன் கம்பெனிகளும் கூடவே வந்தன. அங்க இருந்து வந்தவங்களுக்காக அவங்க ஊர் சாப்பாட்டுக் கடை, மளிகைக் கடை எல்லாம் வந்தது.

எங்க லைன்லயும் கொரியாவுல இருந்து வந்த ஒரு சீனியர் இன்ஜினியர் இருந்தார். ஒரு நாள் மதியம் டப்பாவைத் திறந்தார். சுடு சோறு, மேல ஒரு முட்டை, கொஞ்சம் சோயா சாஸ். அவ்வளவுதான். "சார், இது என்ன?"ன்னு கேட்டேன். அவருக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னது: வீட்ல ஒண்ணும் இல்லாத அன்னைக்கு அம்மா செஞ்சு தர்ற சாப்பாடு.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நம்ம வீட்ல குழம்பு வைக்காத அன்னைக்குப் பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைஞ்சு தருவாங்களே, அதேதான் இது! அதைத்தான் நான் 240 ரூபாய் குடுத்து வாங்கிச் சாப்பிட்டுட்டு இருந்தேன்.

இதுக்குப் பேர் கியெரான்-பாப். கியெரான்னா முட்டை, பாப்னா சோறு.

தேவையான பொருள் (ஒருத்தருக்கு)

- அரிசி 100 கிராம்
- முட்டை 2
- சோயா சாஸ் 2 டீஸ்பூன்
- நல்லெண்ணெய் 2 டீஸ்பூன்
- வெள்ளை எள் 1 டீஸ்பூன்
- வெங்காயத்தாள் கொஞ்சம் (இல்லன்னா ரெண்டு சின்ன வெங்காயம்)
- பச்சை மிளகாய் 1, விருப்பம் இருந்தா

செய்முறை

1. கொரியாவுல சாப்பிடறது குட்டையா, ஒட்டுற மாதிரி இருக்கற அரிசி. அதைத் தேட வேண்டாம். பச்சரிசியை வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதல் தண்ணி விட்டுக் குழைவா வேக வைங்க. உப்பு போடாதீங்க, சோயா சாஸ்லயே நிறைய உப்பு இருக்கு.

2. எள்ளை வெறும் சட்டியில சின்னத் தீயில வறுங்க. படபடன்னு வெடிச்சதும் இறக்கி, பாதி உடையற மாதிரி இடிச்சு வைங்க. இந்த ஸ்டெப்பை விட்டுடாதீங்க. கொரியாவுல எள்ளை வறுத்து எண்ணெய் எடுப்பாங்க, அந்த வறுத்த வாசனைதான் இந்தச் சோத்துக்கு உயிர். நம்ம செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளுல, கருப்பட்டி சேர்த்து ஆட்டுறது. ருசி நல்லா இருக்கும், ஆனா அந்த வறுத்த வாசனை வராது. அதை வறுத்த எள் குடுத்துடும்.

3. தோசைக்கல்லுல ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு முட்டையை உடைச்சு ஊத்துங்க. ஓரம் முறுகலா வரணும். அங்க மஞ்சள் கருவை இளகலா விட்டு சோத்தோட பிசைவாங்க. முட்டை எப்ப வாங்கினதுன்னு தெரியலன்னா, திருப்பிப் போட்டு முழுசா வேக வைங்க.

4. கிண்ணத்துல சுடு சோறு, மேல முட்டை, அதைச் சுத்தி சோயா சாஸ், மீதி ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய், எள், வெங்காயத்தாள். சாஸ் கெட்டியா, கருப்பா இருந்தா முதல்ல ஒரு டீஸ்பூன் மட்டும் விட்டு ருசி பாருங்க.

5. முட்டையை உடைச்சு நல்லா பிசைஞ்சு சாப்பிடுங்க.

கூட மொறுமொறுன்னு இருக்க கடற்பாசித் தாள் நொறுக்கிப் போடுவாங்க. நான் ஒரு அப்பளத்தைச் சுட்டு நொறுக்கிப் போடுறேன். கிம்ச்சிக்குப் பதிலா, வெள்ளரிக்காயை வட்டமா நறுக்கி வினிகரும் மிளகாய்த்தூளும் உப்பும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் போட்டுப் பத்து நிமிஷம் ஊற வெச்சா போதும்.

ஒரு எச்சரிக்கை. காலையில வடிச்ச சோறு ராத்திரி வரைக்கும் குக்கர்லயே இருந்தா அதைச் சூடு பண்ணிச் சாப்பிடாதீங்க. ஆறின சோத்துல வளர்ற ஒரு வகை பாக்டீரியா விடற நச்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சோறு மிச்சம் வெக்கணும்னா, ஆவி அடங்கினதும் ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க, மறுநாளே தீர்த்துடுங்க. ரூம்ல ஃப்ரிட்ஜ் இல்லன்னா அப்பப்ப வடிங்க. ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போனா மொத்தக் கணக்கும் காலி.

இப்ப கணக்கு

விலை ஊருக்கு ஊர் மாறும். நான் போட்டிருக்கறது ஒரு உத்தேசக் கணக்கு. உங்க கடை விலையை வெச்சு மாத்திக்கோங்க.

- அரிசி 100 கிராம் (கிலோ 60): 6 ரூபாய்
- முட்டை 2 (ஒண்ணு 7): 14 ரூபாய்
- சோயா சாஸ் 10 மில்லி (200 மில்லி பாட்டில் 70): 3.50
- நல்லெண்ணெய் 10 மில்லி (லிட்டர் 400): 4 ரூபாய்
- எள்: 1 ரூபாய்
- வெங்காயத்தாள், மிளகாய்: 2 ரூபாய்
- கேஸ்: 3 ரூபாய்

மொத்தம் 33.50. அப்பளத்தோட சேர்த்து 35-ன்னு வெச்சுக்கோங்க. ரெண்டு முட்டையில இருந்தே சுமார் 12 கிராம் புரதம் கிடைக்குது. வெறும் சோத்தையும் ரசத்தையும் சாப்பிட்டுப் படுக்கறதை விட இது வயித்துல நிக்கும்.

"அப்ப ஒரு வேளைக்கு 205 ரூபாய் மிச்சம்! முப்பது நாளைக்கு 6,150!" அப்படின்னு உடனே பெருக்காதீங்க. இங்கதான் எல்லாரும் தப்பு பண்றோம். நானும் பண்ணினேன். மூணு தப்பு.

முதல் தப்பு: எதுக்குப் பதிலான்னு பார்க்காதது

இந்தக் கிண்ணம் 240 ரூபாய் ஆர்டருக்குப் பதிலா வந்தா மிச்சம் 205. மெஸ்ல சாப்பிடற 70 ரூபாய் சாப்பாட்டுக்குப் பதிலா வந்தா மிச்சம் 35 மட்டும்தான். வீட்ல அம்மா வெச்ச குழம்பை விட்டுட்டு இதைச் செஞ்சா மிச்சமே இல்ல, செலவுதான். அதனால ஆர்டர் பண்ணத் தோணுற ராத்திரிகளை மட்டும் எண்ணுங்க. எனக்கு அது வாரத்துக்கு ரெண்டு. மாசத்துக்கு எட்டு தடவை, 1,640 ரூபாய். 6,150 இல்ல. ஆனா இது நிஜமான எண்.

ரெண்டாவது தப்பு: பாட்டில் வாங்குறது

ஆர்வத்துல ஒரு நாள் கொரியன் மளிகைக் கடைக்குப் போனேன். அந்த ஊர் அரிசி, வறுத்த எள் எண்ணெய், சோயா சாஸ், கடற்பாசித் தாள், கொச்சுஜாங்னு ஒரு மிளகாய் விழுது. பில் 1,900 ரூபாய். அதை வெச்சு செஞ்சது மொத்தம் நாலு தடவை. அதுக்கப்புறம் விழுது காய்ஞ்சு போச்சு, தாள் நமத்துப் போச்சு. 1,900-ஐ நாலால வகுத்தா தடவைக்கு 475. ஆர்டர் பண்ணியிருந்தா அதுல பாதிதான் ஆகியிருக்கும்!

ஒரு பொருளோட உண்மையான விலை பில்லுல இருக்காது. பில்லை எத்தனை தடவை பயன்படுத்தினோமோ அதால வகுத்தாத்தான் தெரியும். ஜிம் சந்தாவுக்கும் இதே கணக்குதான், ஏர் ஃப்ரையருக்கும் இதேதான். முதல்ல வீட்ல இருக்கறதை வெச்சுப் பத்து தடவை செய்யுங்க. பத்து தாண்டினா அந்த எண்ணெய் பாட்டிலை வாங்குங்க, தப்பே இல்ல.

மூணாவது தப்பு: மிச்சத்தை நகர்த்தாதது

இதுதான் இந்தப் பதிவோட முக்கியமான விஷயம்.

நான் வாரம் ரெண்டு நாள் ஒழுங்காச் சமைச்சேன். ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்தா, 25-ஆம் தேதி அக்கவுண்ட்ல அதே ஐந்நூறு, அறுநூறு. அந்த 205 எங்க போச்சு? ஹெட்போன் கவருக்கு, சினிமாவுக்கு, "இன்னைக்கு நான் குடுக்கறேன்டா"ன்னு வாங்கின டீ பஜ்ஜிக்கு. செலவு குறையல, இடம் மாறியிருக்கு.

எங்க ஊர் ஏரியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது முன்னாடியே புரிஞ்சிருக்கணும். மதகு திறந்தே கிடந்தா எவ்வளவு மழை பேஞ்சாலும் தண்ணி நிக்காது. சம்பளம் மழை மாதிரி, மாசாமாசம் வருது. மதகை மூடறது நம்ம கையில.

நான் பண்ணின மாற்றம் ஒண்ணே ஒண்ணு. சமைச்சு சாப்பிட்டுக் கிண்ணத்தைக் கழுவறதுக்கு முன்னாடி 200 ரூபாயை இன்னொரு சேமிப்புக் கணக்குக்கு அனுப்பிடுவேன். அந்தக் கணக்குக்கு டெபிட் கார்டும் கிடையாது, யூபிஐ-யிலயும் சேர்க்கல. அனுப்பினாத்தான் அது சேமிப்பு, அனுப்பலன்னா வெறும் சமையல்.

அந்தப் பணத்தை எங்க வெக்கலாம்?

முதல் வருஷம் ஷேர், ஃபண்டுன்னு யோசிக்க வேண்டாம். மாசம் 1,600 ரூபாய், 12 மாச வங்கி ஆர்டி. போட்டது மட்டும் 19,200, வட்டி தனி. இதுக்குப் பேர் அவசர நிதி. "ஒரு மூவாயிரம் அனுப்ப முடியுமா"ங்கற போனுக்காக மட்டும் இருக்கற பணம்.

அவசர நிதி சேர்ந்த பிறகு தபால் அலுவலக ஆர்டியைப் பார்க்கலாம். மாசம் 100 ரூபாய்ல இருந்து போடலாம், காலம் 5 வருஷம். 2023 அக்டோபர்ல இருந்து அதுக்கு அறிவிச்ச வட்டி 6.7 சதவீதம். அந்த விகிதத்துல மாசம் 1,600 போட்டா, அஞ்சு வருஷத்துல நீங்க கட்டினது 96,000, கைக்கு வர்றது சுமார் 1,14,000. சேரும்போது அன்னைக்கு என்ன வட்டின்னு கேட்டுக்கோங்க. இது அஞ்சு வருஷப் பணம், நடுவுல எடுக்கக் கட்டுப்பாடு இருக்கு. அதனாலதான் அவசர நிதியை இதுல வெக்க வேண்டாம்னு சொல்றேன்.

இந்தத் தொகையில யாரும் கோடீஸ்வரர் ஆகப் போறதில்ல. முட்டை சோறு சாப்பிட்டு வீடு வாங்கலாம்னு நான் சொல்லவும் மாட்டேன். சம்பளமே பத்தலன்னா அது சமையலால தீர்ற பிரச்சனை இல்ல, அதுக்கு வேற வேலை, வேற திறமைன்னு தனியாப் பேசணும். ஆனா மாசக் கடைசியில வீட்டுல இருந்து போன் வந்தா எடுக்கப் பயப்படாம இருக்கலாம்.

அடுத்த வருஷம் அப்பாவோட இன்னொரு கண்ணுக்கும் ஆபரேஷன். இந்தத் தடவை அம்மா கேக்கல. நானே போன் பண்ணி, "எவ்வளவும்மா ஆகும்?"னு கேட்டேன்.

இந்த வார வீட்டுப்பாடம்

1. போன மாச யூபிஐ ஹிஸ்டரியைத் திறந்து, சாப்பாட்டு ஆர்டர் எத்தனை, மொத்தம் எவ்வளவுன்னு எழுதுங்க. திட்டிக்க வேண்டாம், எழுதுங்க போதும்.
2. அதுல ரெண்டே ரெண்டு ராத்திரியை மட்டும் தேர்ந்தெடுத்து, இந்தச் சோத்தைச் செய்யுங்க.
3. கிண்ணத்தைக் கழுவறதுக்கு முன்னாடி மிச்சத்தை அனுப்பிடுங்க.

உங்க கிண்ணம் எவ்வளவு ரூபாய் ஆச்சு, கடற்பாசித் தாளுக்குப் பதிலா நீங்க என்ன போட்டீங்கன்னு சொல்லுங்க. அப்பளத்தை விட நல்ல யோசனை இருந்தா அடுத்த வீடியோவுல செஞ்சு பார்த்துடலாம்.